எலியக்காவும் நாற்பத்தெட்டும்

அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் நாலாவது மாடிக்குள் யாரும் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற வேண்டும், காலுக்கு உறை மாட்ட வேண்டும், தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகமூடி, மேலுக்கு ஒரு நீல அங்கி. இத்தனை வேஷமும் கட்டிக்கொண்டு உள்ளே போனால், அதே வேஷத்தில் ஒரு பெண்மணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். "கதவ மொதல்ல சாத்துங்க" என்பதுதான் அவளுடைய வரவேற்பு. எலியக்கா என்றால் அந்தக் கட்டடத்தில் தெரியாதவர் இல்லை. சொந்தப் பெயர் சொல்லிக் கேட்டால் காவலாளிகூடக் கொஞ்சம் யோசிப்பார்.

அவளுக்கு வேலை எலி வளர்ப்பது. பொறி வைத்துப் பிடிக்கிற எலி இல்லை. மருந்து ஆராய்ச்சிக்காக வளர்க்கும் வெள்ளைச் சுண்டெலி. பிளாஸ்டிக் கூண்டுகளில் மரத்தூள் பரப்பி, தண்ணீர்ப் புட்டியைச் செருகி, தாயையும் தகப்பனையும் சேர்த்துவிட்டு, குட்டி போட்டால் கணக்கு எடுத்து, பால் மறந்ததும் பிரித்து வைக்க வேண்டும். எலியக்கா காலையில் கதவைத் திறந்து ஒரு தடவை மூச்சை இழுத்தாலே எந்த வரிசையில் எந்தக் கூண்டு சரியில்லை என்று தெரிந்துவிடும். "என்னடி, நேத்தெல்லாம் நல்லாத்தான இருந்த?" என்று நேராக அந்தக் கூண்டின் முன்னால் போய் நிற்பாள். எலிகளோடு பேசுவதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. மனிதர்களோடு பேசும்போது இருக்கிற பொறுமையைவிட அங்கே கொஞ்சம் அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கையுறை, முகமூடி என்ற பேச்சே இல்லை. வெறுங்கையால்தான் எலியைத் தூக்குவாள். வாலின் அடியைப் பிடித்துத் தூக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல், கடி வாங்கிக் கற்றுக்கொண்டாள். இரண்டு கைகளிலும் ஊசி குத்தினதுபோல் சின்னச் சின்ன வடுக்கள் இன்னும் இருக்கின்றன. மூத்தவர்கள் யாராவது "உள்ள நல்லா வேல கத்துக்கிட்டயா?" என்று கேட்டால் கையைத்தான் நீட்டுவாள்.

கல்யாணம் ஆகவில்லை. ஆகக்கூடாது என்று யாரும் சபதம் எடுக்கவில்லை. அந்த நாளில் பெண் பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், என்ன வேலை என்று கேட்டார்கள், எலி என்றதும் காபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். எலியக்கா அதை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறாள். சிரிக்காதவள் அவளுடைய தங்கச்சி. அக்காவுக்கு இடம் அமையாத வருத்தத்தில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். யார் கேட்டாலும், அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால், "ஆராய்ச்சி நிறுவனத்துல மேற்பார்வையாளரா இருக்காங்க" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். வரன்கள் நின்றுபோய், தங்கச்சிக்கே கல்யாணமாகி, அவள் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். பழக்கம் மட்டும் நிற்கவில்லை. தங்கச்சியின் புகுந்த வீட்டில் எலியக்காவை இன்றைக்கும் ஏதோ விஞ்ஞானி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு, எதிர்பார்க்காத ஒருவர் வந்து கேட்டார். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்காரர்.

ஆள் ஏறும் லிஃப்ட் இரண்டு, கூண்டுகளை மேலே ஏற்றிக் கீழே கழுவும் அறைக்கு இறக்கும் சாமான் லிஃப்ட் ஒன்று, மூன்றுக்கும் அவர்தான் வைத்தியர். நல்ல உயரம், நரைத்த மீசை, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில். மூன்று மாடி ஆழத்துக்கு வெறும் கம்பியில் தொங்கிக்கொண்டு எண்ணெய் போடுவார், கண் இமைக்க மாட்டார். ஆனால் எலி என்றால் மட்டும் அவருக்குக் குலை நடுங்கும். சாமான் லிஃப்டை நாலாவது மாடியில் ரிப்பேர் பார்க்க வரும்போதெல்லாம், "உள்கதவு சாத்தியிருக்கா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் அதன் மின்கம்பிப் பெட்டியைத் திறப்பார். எலியக்கா வேண்டுமென்றே, "சாத்தித்தான் இருந்துச்சு, இப்ப என்னமோ ஓடுச்சே" என்பாள். அவர் ஸ்டூல்மேல் ஏறிவிடுவார். இப்படியே கேலியும் கிண்டலுமாகச் சில வருஷங்கள் போயின.

அவர் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பெருங்குடலில் புற்றுநோய். லிஃப்ட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், கம்பிகளைப் பார்த்தபடியே அதையெல்லாம் எலியக்காவிடம் சொல்லியிருக்கிறார். ஆப்பரேஷனுக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் சி.இ.ஏ. என்று ஒன்றைப் பார்ப்பார்கள். புற்றுக் கட்டி சில சமயம் ரத்தத்தில் கசியவிடுகிற ஒரு பொருள் அது. வைத்தியம் வேலை செய்தால் அந்த நம்பர் இறங்கும். "நம்பர் எறங்கின அன்னைக்கு வீட்டுல பாட்டுப் போடுவோம்" என்றார். "அப்புறம் ஏற ஆரம்பிச்சுது. நான் தினமும் லிஃப்டு ஏத்தி எறக்கறவன். அது ஏறினத மட்டும் என்னால பாக்க முடியல." எலியக்கா அன்றைக்கு ஒரு கேலியும் பேசவில்லை. டீயை வாங்கி அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு நாள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"நீங்க தனியாத்தான் இருக்கீங்க. நானும் அப்படித்தான். சேந்து இருந்தா என்ன?"

"எலி வளக்கறவள கட்டிக்கப் போறீங்களா? ராத்திரி தூக்கம் வருமா?"

"எலிய வீட்டுக்குக் கொண்டு வருவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப வரும்."

எலியக்காவின் முகம் முகமூடிக்குள்ளேயே சிவந்துபோனது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். யோசிக்க ஒன்றும் இல்லை. மனசு அப்போதே சரி சொல்லிவிட்டது. வாய்தான் வரவில்லை. இந்த வயசில் சிறு பெண்போல் வெட்கம் வந்ததே என்று அவளுக்கு அவள்மேலேயே கோபம். அவரை நேருக்கு நேர் பார்க்கக் கூசி, மறுநாளிலிருந்து லிஃப்டை விட்டுவிட்டு நாலு மாடியும் படியில் ஏற ஆரம்பித்தாள். காலையில் ஒரு ஏற்றம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, நடுவில் டீக்கு ஒன்று. இரண்டு மாதத்தில் உடுப்பெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

அதைக் கண்டுபிடித்தவள் தங்கச்சி.

"அக்கா, என்ன இப்படி எளச்சுப் போயிட்ட?"

"படி ஏறறேன்."

"லிஃப்டு இருக்கறப்ப எதுக்குப் படி ஏறற?"

இதற்கு எலியக்கா உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "சும்மாத்தான்" என்று மழுப்பினாள். தங்கச்சி நம்பவில்லை. காரணமில்லாமல் எடை குறைந்தால் என்னென்ன வியாதி என்று போனில் தேடிப் படித்துவிட்டு, இரவெல்லாம் தூங்காமல் புரண்டாள். காலையில் முதல் வேலையாக ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டு, உடம்பு முழுவதற்கும் ஒரு பேக்கேஜ் பதிவு செய்தாள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, இவற்றோடு 'புற்றுநோய்க் குறியீடு' என்று ஒன்று கூடுதலாக இருந்தது. இருக்கட்டுமே, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று அதையும் சேர்த்துக்கொண்டாள். எந்த வைத்தியரும் கேட்காத பரிசோதனை அது.

சர்க்கரை நன்றாக இருந்தது. கொழுப்பு நன்றாக இருந்தது. சி.இ.ஏ. ஐந்துக்குள் இருக்க வேண்டியது நாற்பத்தெட்டு இருந்தது.

தங்கச்சி முகத்தில் ஈயாடவில்லை. எலியக்கா அந்த மூன்று எழுத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது புது எழுத்து இல்லை. அவள் முதலில் தன் உடம்பை நினைக்கவில்லை. கம்பிகளைப் பார்த்தபடி பேசிய மனுஷனைத்தான் நினைத்தாள். இன்னொரு தடவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம்பருக்காகக் காத்திருந்து, ஏறினால் இடிந்துபோய் உட்காருகிற வாழ்க்கையை அவருக்குக் கொடுப்பதா? நம்பர் மெய்யென்றால் அவருக்குக் கொடுக்கிற பதில் 'வேண்டாம்' என்பதுதான், காரணமும் சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டாள்.

வயிற்று டாக்டர் சின்ன வயசுப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பதறவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை.

"இத யாரும்மா எடுக்கச் சொன்னாங்க?"

"நான்தான் டாக்டர்" என்றாள் தங்கச்சி, திருதிருவென்று விழித்துக்கொண்டு.

"நோய் இருக்கா இல்லயான்னு கண்டுபிடிக்க இந்த டெஸ்ட் தனியா ஒதவாது. சிகரெட் பிடிச்சாக்கூட ஏறும், ஈரல் சரியில்லன்னாலும் ஏறும். புற்றுநோய் இருக்கறவங்களுக்கே சில பேருக்கு ஏறாம இருக்கும். ஏற்கனவே நோய்னு தெரிஞ்சவங்களுக்கு வைத்தியம் எப்படிப் போகுதுன்னு பாக்கத்தான் இது நல்லது." ரிப்போர்ட்டை மறுபடி கையில் எடுத்தார். "ஆனா நாப்பத்தெட்டுன்னு வந்துட்ட பெறகு கண்ண மூடிக்க முடியாது. எடையும் கொறஞ்சிருக்கு. உள்ள பாத்துடலாம். என்ன வேல பாக்கறீங்கம்மா?"

"ஆராய்ச்சி நிறுவனத்துல மேற்பார்வையாளர்" என்று தங்கச்சி முந்திக்கொண்டாள். எலியக்கா வேறு நினைப்பில் இருந்தாள். திருத்தவில்லை.

வாய் வழியாக ஒரு குழாய் விட்டார்கள். கீழ் வழியாக ஒரு குழாய் விட்டார்கள். அதற்கு முந்தின நாள் வயிற்றைக் காலி செய்யக் கொடுத்த மருந்தைப் பற்றி எலியக்கா பிற்பாடு சொல்கிற கதையைக் கேட்டால் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரும்; அதைச் சபையில் எழுத முடியாது. ஸ்கேனும் எடுத்தார்கள். எங்கேயும் ஒன்றுமில்லை. இரைப்பை சுத்தம், குடல் சுத்தம், ஈரல், கணையம் எல்லாம் சுத்தம். "ஒங்க குடல பாடப் புத்தகத்துல படமா போடலாம்" என்றார் டாக்டர். ஆனால் ஆஸ்பத்திரி லேபில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது நாற்பத்தேழு. டாக்டர் அந்தத் தாளைப் பழைய தாளோடு வைத்துப் பார்த்தார்.

"எங்கயாவது ஒளிஞ்சுட்டு இருக்குமா டாக்டர்?" என்று எலியக்கா கேட்டாள்.

"தெரியலம்மா. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். லேபுல பெரிய டாக்டர்கிட்ட பேசறேன், ரெண்டு நாள் பொறுங்க."

எலியக்காவுக்குப் பொறுக்க முடியவில்லை. ஒளிந்திருக்கிறது என்றே அவள் முடிவு செய்துவிட்டாள். மறுநாள் காலை சாமான் லிஃப்ட் பெட்டியின் பக்கத்தில் அவரைப் பார்த்து, வேகமாக, மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"நீங்க கேட்டதுக்குப் பதில். வேணாங்க. சரியா வராது."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. காதுக்குப் பின்னாலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார்.

"சரிங்க" என்றார். "அந்த லிஃப்டு ரெண்டாவது மாடியில ஒரு சத்தம் போடுதுன்னு சொன்னீங்கல்ல. இன்னைக்குப் பாத்துடறேன்."

பார்த்தும் விட்டார். மதியம் கூண்டுகள் சத்தமே இல்லாமல் மேலே வந்தன. எலியக்கா சாமான் லிஃப்டின் கதவைத் திறந்தவள், அந்தச் சத்தமில்லாத பெட்டியைப் பார்த்ததும் உடைந்துபோனாள். எலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முகமூடி நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும்வரை அழுதாள். எலிகள் பாட்டுக்குக் கூண்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன.

லேப் டாக்டர் மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார். பருமனான மனிதர், எப்போதும் வாய்க்குள் ஏதாவது ஒரு மெட்டு. அக்காவும் தங்கச்சியும் போய் உட்கார்ந்தபோதும் மெட்டை நிறுத்தவில்லை.

"ஒங்க ரத்தம் ஒரு வேடிக்கை பண்ணுதும்மா" என்றார். "ரத்தத்துல நீர் கலந்து பாதியாக்கினா நம்பரும் பாதியாகணும். கால்வாசியாக்கினா கால்வாசி. அதான் நியாயம். ஒங்களுது கேக்க மாட்டேங்குது, இஷ்டத்துக்கு ஒரு நம்பர் காட்டுது. அதனால சில கேள்வி கேக்கறேன். வீட்டுல நாய், பூன உண்டா?"

"அய்யோ, எதுவும் கெடயாது டாக்டர், அக்கா ரொம்ப சுத்தம்" என்றாள் தங்கச்சி.

"வேல?"

"ஆராய்ச்சி நிறுவனத்துல மேற்பார்வையாளர்."

"எத மேற்பார்வை பண்றாங்க?"

தங்கச்சி இழுத்தாள். "அது... ஆராய்ச்சிய."

எலியக்காவுக்கு அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. சாகப்போகிற நேரத்திலுமா இந்தப் பொய்?

"எலி!" என்றாள். "எலி வளக்கறேன் டாக்டர். இருபத்தஞ்சு வருஷமா எலிதான் வளக்கறேன். எலிய வளத்துத்தான் இவள படிக்க வெச்சேன். இவளுக்குச் சொல்ல வெக்கமா இருக்கு, எனக்கு இல்ல."

லேப் டாக்டர் மெட்டை நிறுத்தினார். நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார்.

"எலியா! எத்தன எலி?"

"இன்னைக்குக் காலைல போட்ட குட்டிய சேத்துச் சொல்லவா, சேக்காம சொல்லவா?"

அந்தப் பருமனான மனிதர் இரண்டு கைகளையும் தட்டியபடி அறையையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து, "அந்த அம்மாவோட ரத்தத்துல பி.எஸ்.ஏ. டெஸ்ட் ஓட்டுங்க, ஒடனே!" என்று கத்தினார். இவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தங்கச்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூவருக்கும் டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் ஒரு தாளும் வந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு, முகத்தை வெகு சீரியசாக வைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும்மா. ஒங்களுக்கு ப்ராஸ்டேட்ல கோளாறு இருக்கறதா மிஷின் சொல்லுது."

"அது ஆம்பளைங்களுக்குல்ல இருக்கும்?"

"ஆமா."

"எனக்கு எப்படி?"

"அதத்தான் நானும் மிஷின்கிட்ட கேக்கறேன்!" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மேசை குலுங்கியது.

பிறகு உட்கார்ந்து, பொறுமையாக, கைகளை வைத்தே விளக்கினார். இந்தப் பரிசோதனையில் இரண்டு கொக்கிகள். இடது கை ஒரு கொக்கி. அது குப்பியின் சுவரில் ஒட்டியிருக்கும். வலது கை இன்னொரு கொக்கி. அதன் முதுகில் ஒரு குட்டி விளக்கு. ரத்தத்தில் சி.இ.ஏ. இருந்தால் அது நடுவில் நின்று இரண்டு கொக்கிகளையும் சேர்த்துப் பிடிக்கும். நடுவில் ஒரு பேனாவைப் பிடித்துக் காட்டினார். மிச்சத்தைக் கழுவிவிட்டு எத்தனை விளக்கு எரிகிறது என்று மிஷின் எண்ணும். அதுதான் நம்பர்.

"இந்தக் கொக்கி ரெண்டையும் எங்கேந்து எடுக்கறோம் தெரியுமா? எலி ஒடம்புல நோய எதுத்து நிக்கிற எதிர்ப்பொருள்லேந்து. ஒங்க ஒடம்பு இருபத்தஞ்சு வருஷமா எலிகிட்ட கடி வாங்கி, எலி மூச்ச மூச்சா இழுத்து, எலியிலேந்து எது வந்தாலும் பிடிச்சுக்கறதுக்குப் பழகிடுச்சு. எங்க கொக்கிய பாத்ததும், 'அட, நம்மூட்டு எலி'ன்னு ரெண்டு கையாலயும் ரெண்டையும் பிடிச்சுக்கிச்சு. நடுவுல சி.இ.ஏ. இல்லாமலே விளக்கு எரியுது. ஆம்பள வியாதிக்கும் அதே கொக்கிதான், அதனால அதுவும் எரியுது."

எலியக்கா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊகத்தோடு அவர் விட்டுவிடவில்லை. அவளுடைய ரத்தத்தை முதலில் வெறும் எலி எதிர்ப்பொருள் நிறைந்த ஒரு குழாயில் விட்டு, பிடிக்க அலைகிற கைகளுக்கெல்லாம் பிடிக்க ஏதாவது கொடுத்துவிட்டு, அப்புறம் மிஷினில் போட்டார். எலிக் கொக்கியே இல்லாத வேறொரு முறையிலும் பார்க்கச் சொல்லி இன்னொரு லேபுக்கு அனுப்பினார். முதல் முறையில் நம்பர் இரண்டைக்கூடத் தொடவில்லை. மறுநாள் வந்த இரண்டாவது நம்பரும் அப்படியே. வயிற்று டாக்டர் போனில் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரலே துள்ளியது. "குழாய் விட்டுப் பாத்ததும் சுத்தம், நம்பரும் சரியாயிடுச்சு. இனி எங்க ரத்தம் குடுத்தாலும் மொதல்ல ஒங்க வேலைய சொல்லுங்கம்மா. எட ஏன் கொறஞ்சுதுன்னு மட்டும் எனக்கு இன்னும் புரியல."

"படி ஏறினேன் டாக்டர்" என்றாள் எலியக்கா.

"எதுக்கு?"

"அது பெரிய கத."

தங்கச்சி அன்று மாலை அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "மொத நாளே எலின்னு சொல்லியிருந்தா இத்தன அல்லல் பட்டிருக்க மாட்டியே" என்றாள். எலியக்காவுக்குக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். உயிர் போய்த் திரும்பி வந்ததில் அவளுக்கு எல்லோர்மேலும் ஆசையாக இருந்தது, தங்கச்சி கட்டிவிட்ட அந்த மேற்பார்வையாளர்மேலும்கூட. ஆனால் ஒரு வேலை பாக்கி இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்ட மனிதரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

மறுநாள் நாலாவது மாடியிலிருந்து கீழே போன் போட்டாள். "லிஃப்டுக்காரர கொஞ்சம் மேல வரச் சொல்லுங்க."

அவர் கருவிப் பெட்டியோடு வந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன ரிப்பேரு?" என்றார்.

"ரிப்பேரெல்லாம் இல்ல." எலியக்கா இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கதவை ஒரு கை அகலம் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பத்தெட்டு என்ற இடம் வந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "பொய், பொய், அது பொய் நம்பரு!" என்று அவசரமாகக் கையை ஆட்டினாள். எலி, கொக்கி, விளக்கு, ப்ராஸ்டேட் எல்லாம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. செருப்பு கழற்றுகிற பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அதனாலதான் வேணாம்னீங்களா?"

"ஆமா. ஒங்கள இன்னொரு தடவ..."

"எங்க வீட்டுக்காரியும் இதத்தான் பண்ணினா" என்றார். "மலத்துல ரத்தம் போகுதுன்னு நாலு மாசம் எனக்குச் சொல்லல. நான் பயந்துடுவேனாம். நம்பர் ஏறினதுகூட எனக்கு ஆறிடுச்சுங்க. அந்த நாலு மாசம் அவ தனியா பயந்துக்கிட்டு இருந்தா பாருங்க, அதுதான் இன்னும் ஆறல. நீங்களும் தனியா பயந்தீங்களா?"

எலியக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். இத்தனை நாள் அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அவருக்கு ஆறாத இடத்திலேயே மறுபடியும் கையை வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"இனிமே ஒரு ரிப்போர்ட் வந்தா நான்தான் மொதல்ல பாக்கணும்" என்றார். "நல்லதோ கெட்டதோ, ஆம்பளன்னு வந்தாலும் சரி."

சொல்லிவிட்டு அவர் செய்த காரியத்தை எலியக்கா எதிர்பார்க்கவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றினார். காலுக்கு உறை மாட்டினார். தொப்பி, முகமூடி, கையுறை, நீல அங்கி; அங்கியைப் பின்பக்கம் முன்பக்கமாகப் போட்டுக்கொண்டார். கதவைத் தள்ளிக்கொண்டு எலி அறைக்குள் வந்தார். உள்ளே வந்ததும் கால் இரண்டும் தரையில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டன.

"கதவ மொதல்ல சாத்துங்க" என்றாள் எலியக்கா, அழுகையும் சிரிப்புமாக.

சாத்தினார். அவள் இருப்பதிலேயே சாதுவான ஒரு கிழட்டு எலியைத் தேடி எடுத்து, கையுறை போட்ட அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. ஆனால் கையை உதறவில்லை.

"நான் பழைய கேள்வியத்தான் திரும்பக் கேக்கறேன்" என்றார் மூடிய கண்ணோடு. "கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லுங்க."

"யோசிக்கணுமே."

"ஏங்க!"

"சரி" என்றாள் எலியக்கா. "சரி, சரி, சரி."

அவர் கண்ணைத் திறந்தார். எலி அவர் கட்டைவிரலை முகர்ந்துவிட்டு, சுருண்டு படுத்துக்கொண்டது. எலியக்கா அதை எடுக்கக் கை நீட்டினாள். அவர் கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, "இருக்கட்டும்" என்றார்.

பதிவு அலுவலகத்தில் பெரிய கூட்டமில்லை. வயிற்று டாக்டர் வந்திருந்தார். லேப் டாக்டர் வாய்க்குள் மெட்டோடு வந்திருந்தார். தங்கச்சியின் புகுந்த வீட்டார் விஞ்ஞானியின் கல்யாணம் பார்க்க முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மணமகனின் வேலை என்ன என்று கேட்டு எழுதினார். அப்புறம் மணமகளைப் பார்த்தார்.

"ஒங்க வேலைங்கம்மா?"

எலியக்கா வாயைத் திறப்பதற்குள், வழக்கம்போல, பின்னாலிருந்து தங்கச்சி முந்திக்கொண்டாள். எழுந்து நின்று, புகுந்த வீட்டார் அத்தனை பேர் காதிலும் விழும்படியாகச் சொன்னாள்:

"எங்கக்கா எலி வளக்கறாங்க!"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, அப்படியே எழுதிக்கொண்டார்.